ஒரு நிமிடக் கணக்கு

கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளை முதன்முறை காண்போர் அவற்றின் பசுமையில் மயங்கி நிற்பர். 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய காலந்தொட்டு, அச்சரிவுகளில் கூடை சுமந்து ஏறி இறங்கிய தமிழர்களை நினைப்போர் சிலரே. ஒருநாள் படுத்தால் ஒருநாள் கூலி போகும் என்ற நிலை, அம்மக்களுக்கு நோவை மறைக்கும் பழக்கத்தைத் தந்தது. கூலி வாழ்வு முடிந்த முதுமையிலும் அப்பழக்கம் அவர்களை விட்டு நீங்குவதில்லை.

அத்தகைய மூதாட்டி ஒருவர், மழை ஓயாத ஒரு முற்பகலில் மலைமேல் உள்ள அவசரப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். சாலை விபத்தில் காயமுற்ற இளைஞர்களும், இளைப்பு நோயால் திணறும் குழந்தையும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த முதியவரும் ஏற்கெனவே அங்கே இருந்தனர். தாதி அருகில் வந்தபோது மூதாட்டி சொன்னது இவ்வளவுதான்: "ஒண்ணுமில்ல தாயி, கொஞ்சம் அசதிதான். மொதல்ல அந்தப் புள்ளயப் பாரு."

முதற் கணக்கும் அவர் சொல்லை மெய்ப்பிப்பதாகவே இருந்தது. மூச்சு நிமிடத்திற்கு 18, நாடி 86, மேல் இரத்த அழுத்தம் 122, உடல் வெப்பம் 37.6 பாகை, குருதியின் உயிர்வளி நிறைவு 97 விழுக்காடு. அச்சத்திற்கு இடமேயில்லை. அவரை ஓரத்து நாற்காலியில் அமரச் செய்தனர்.

ஆயினும் ஒருமுறை எடுத்த அளவு அந்நேரத்து நிலையை மட்டுமே காட்டும். நோய் செல்லும் திசையைக் காட்டாது. இதை உணர்ந்த தாதி, ஒரு மணி நேரம் கழித்து அத்தனை நெருக்கடிக்கிடையிலும் மீண்டும் வந்தார். மூதாட்டியின் மணிக்கட்டைப் பற்றினார். நாடியை எண்ணி முடித்த பின்னும் கையை விடவில்லை. பார்வை மட்டும் மார்பின் ஏற்ற இறக்கத்திற்கு மாறியது. தன் மூச்சைப் பிறர் எண்ணுகிறார் என்று அறிந்தால் அதன் போக்கே மாறிவிடும். ஆதலால் நாடி பார்ப்பதுபோல் மூச்சை எண்ணுவது தாதியர் கைக்கொள்ளும் நுட்பம்.

"இம்புட்டு நேரமா என்ன பாக்குற தாயி?"

"இதோ முடிஞ்சிடுச்சு பாட்டி."

மூச்சு 22, நாடி 104, அழுத்தம் 108, வெப்பம் 38.4, உயிர்வளி நிறைவு 96. தனித்தனியே பார்த்தால் எதுவும் பேராபத்தாய்த் தோன்றாது. ஆனால் பிரிட்டனின் அரச மருத்துவர் கல்லூரி 2012இல் வகுத்து, 2017இல் திருத்திய முன்னெச்சரிக்கைப் பட்டியலின்படி, மூச்சுக்கு 2, ஏனைய மூன்றுக்கும் ஒவ்வொன்று என மொத்தம் 5 புள்ளிகள். ஐந்தைத் தொட்டால் மருத்துவர் விரைந்து பார்க்க வேண்டும். மணிக்கொரு முறையேனும் அளவெடுக்க வேண்டும். மருத்துவர் வந்தார். சிறுநீர்த் தொற்று குருதியில் பரவத் தொடங்கியிருந்தது. தாமதமின்றி மருந்து ஏறியது.

வெப்பமானிக்கும் அழுத்தமானிக்கும் நெடிய வரலாறு உண்டு. விரல்நுனியில் உயிர்வளியைக் கணிக்கும் முறைக்கு 1974இல் ஜப்பானியர் தக்குவோ அவோயாகி வழிகண்டார். அக்கருவியும் கருநிறத் தோலுடையோரிடம் உண்மையினும் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு உணர்த்தியது. வெயிலிலும் மழையிலும் கறுத்த தோட்டத்து விரல்களுக்கு இச்செய்தி மிகவும் பொருந்தும். மூச்சை எண்ணவோ கடிகாரமும் கண்ணும் ஒரு நிமிடப் பொறுமையும் போதும். உடல் நலிவுறும்போது பெரும்பாலும் முதலில் மாறுவதும் அதுவே. வேலை மிகுந்த இடங்களில் எண்ணாமலே எழுதப்படுவதும் அதுவே.

மலையில் இந்த ஒரு நிமிடத்திற்கு மதிப்பு இன்னும் அதிகம். நோய் முற்றியவரை ஈப்போவின் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல, வளைந்து இறங்கும் பாதையில் ஒரு மணி நேரத்திற்கும் மேலாகும். சமவெளியில் பொறுக்கக்கூடிய தாமதம், அங்கே பொறுக்க முடியாததாகிவிடும்.

மறுநாட் காலை மூதாட்டிக்கு மூச்சு 16. தாதி அதைக் குறித்துக்கொண்டிருந்தபோது, "நான்தான் ஒண்ணுமில்லேன்னு சொன்னேனே!" என்றார் அவர். தாதி மறுத்துப் பேசவில்லை. புன்னகையுடன் அடுத்த கட்டிலுக்குச் சென்று, அங்கிருந்தவரின் மணிக்கட்டைப் பற்றினார்.