வைகை அணையும் மூணு வார்னிங்கும்!

மதுரையிலிருந்து வைகை அணைக்கு பைக்கில் போவது ஒன்றரை, இரண்டு மணி நேர மேட்டர்தான். நாங்கள் போய்ச் சேர மூன்றரை மணி நேரம் ஆனது. காரணம், நண்பனின் செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் பைக். கார்ப்பரேட்டர் காலத்து மாடல். கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். பின் சீட்டில் நான். மறுநாள் காலை 9 மணிக்கு அவனுக்கு கேம்பஸ் இன்டர்வியூ. "அதுக்குள்ள ஒரு ரவுண்டு மச்சி, மைண்ட் ஃப்ரீ ஆகும்" என்றான். ஆச்சு, ரொம்ப நல்லா ஆச்சு!

செக்கானூரணியில் பஸ் ஒன்று குறுக்கே நிற்க, நாங்களும் நின்றோம். ஸ்லோ நிற்காமல் இன்ஜின் ஆஃப். மறுபடி ஸ்டார்ட் செய்து ஹாரன் அடித்தால், சளி பிடித்த ஆடு மாதிரி ஒரு சத்தம். இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் லைட் மங்குகிறது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் எல்லாம் சரியாகிவிடுகிறது!

உசிலம்பட்டியில் டீ. அங்கேதான் நம்ம விஞ்ஞானி மூளை வேலை செய்தது. "கார்ப்பரேட்டர்தான்டா" என்று ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகினோம். 1,400-ல் நிற்க வேண்டிய ஆர்.பி.எம். 2,000-க்குப் போனது. வண்டி ஆஃப் ஆகவே இல்லை. அந்த சந்தோஷத்தில் ஆண்டிபட்டி கணவாயில் பாட்டு வேறு.

ஆண்டிபட்டியில் திரும்பி ஏழெட்டு கிலோமீட்டர் போனால் அணை. 1959 ஜனவரியில் காமராஜர் திறந்துவைத்தது. இரண்டு கரையிலும் பூங்கா, நடுவே தரைப்பாலம், சுடச்சுட மீன் வறுவல். முல்லைப் பெரியாறு தண்ணீர் லோயர் கேம்ப்பில் ஒரு தடவை கரன்ட் கொடுத்துவிட்டு, இறங்கி வந்து இங்கே அணையடியில் இன்னொரு தடவை கொடுக்கிறது. எங்கள் வண்டிக்குக் கொடுக்கத்தான் ஆளில்லை. பார்க்கிங்கில் செல்ஃபை அழுத்தினால் 'டக்... டக்... டக்'. அவ்வளவுதான். தள்ளி, செகண்ட் கியரில் விட்டுப் பார்த்தோம். ம்ஹூம்.

மணி ஐந்தரை. ஹெட்லைட் இல்லாமல் இருட்டில் கணவாயைக் கடப்பதா? லாரி வரும் ரோடு. நண்பன் முகத்தில் மீன் வறுவலின் நிறம்.

மீன் கடை அக்காதான் போன் போட்டார். அரை மணி நேரத்தில் ஆண்டிபட்டியிலிருந்து டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்தார் மெக்கானிக் அண்ணன். நாங்கள் கார்ப்பரேட்டரைக் காட்ட, அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சீட்டைக் கழற்றி மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தார். 12.1.

"ஃபுல்லா இருந்தா 12.6 காட்டணும் தம்பி. ஆனா இன்னும் சாகல."

அடுத்து செய்ததுதான் மேட்டர். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை இன்ஜின் பாடியிலும் வைத்து, "செல்ஃப அமுக்கு" என்றார். கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. அந்த எர்த் ஒயரின் போல்ட்டைத் தொட்டார், ஆடியது. கழற்றினால் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் போயிருந்தது.

"அப்போ ஸ்லோ நிக்காததுக்கு, மிஸ்ஸிங் அடிச்சதுக்கு எல்லாம் இதுதானாண்ணே?"

"பின்ன? இது பேட்டரி கரன்ட்ல ஓடுற சி.டி.ஐ. ஸ்லோவுல காயில் கம்மியாத்தான் கரன்ட் கொடுக்கும், மிச்சத்த பேட்டரி கொடுக்கணும். வழி அடைச்சிருந்தா எங்கிட்டு வரும்? ஸ்பார்க் செத்துரும். நீங்க ஸ்க்ரூவ ஏத்தி, வந்த நோவ மறைச்சுவிட்டீக."

உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, அவர் வண்டியிலிருந்து ஜம்பர் ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்தார். பாதி ஆக்ஸிலேட்டரில் மீட்டர் 14-ஐத் தொட்டது. "13-க்குக் கீழ நின்னா காயிலப் பாரு, 15-அத் தாண்டுனா ரெகுலேட்டரப் பாரு" என்றார். இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை காத்திருந்து, ஸ்லோவைப் பழையபடி 1,400-க்கு இறக்கினார். இன்டேக் ரப்பரைச் சுற்றித் தண்ணீர் தெளித்தும் பார்த்தார். சத்தம் மாறவில்லை, அதனால் காற்றுக் கசிவு இல்லையாம்.

கருவிகளைக் கட்டிக்கொண்டே அணையைக் காட்டினார். "71 அடி அணை இது. 66-ல ஒரு சங்கு, 68.5-ல ரெண்டாவது, 69-ல மூணாவது. ஆத்தோரத்துல யாரும் சங்கை அமுத்திவெச்சுட்டுத் தூங்க மாட்டாக." எங்களுக்கு ஹாரன் ஒன்று, மீட்டர் லைட் ரெண்டு, ஸ்லோ மூணு. மூன்றாவதைத்தான் ஸ்க்ரூ போட்டு அமுத்தினோம்.

கேட்ட காசு இருநூறு ரூபாய். மீன் அதைவிட அதிகம்!

கணவாய் ஏறும்போது நல்ல இருட்டு. ஹெட்லைட் வெளிச்சம் வளைவுக்கு வளைவு பாறையில் அடித்தது. இப்போது ஓட்டியது நான். பின்னால் உட்கார்ந்து என் காதில் கத்திக்கொண்டே வந்தான் நண்பன்: "மை ஸ்ட்ரென்த் இஸ் ப்ராப்ளம் சால்விங் சார்..."