ஓடுபாதையின் ஓரத்தில்

சில மாதங்களுக்கு முன் சிதம்பரத்திலிருந்து பெரியவர் ஒருவர் கடலூரில் நம் இல்லம் தேடி வந்தார். எண்பத்தைந்து வயதைக் கடந்தவர். "சண்டைக் காலத்துல எங்கப்பா உளுந்தூர்பேட்டை ஏரோப்ளேன் மைதானத்துல கல்லு சுமந்தாருங்க. வெள்ளைக்காரன் அதையெல்லாம் படம் புடிச்சு வச்சிருக்கானாமே, பாத்துச் சொல்றீங்களா?" என்றார். தந்தையின் நிழற்படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை.

அவருடைய ஆசை வீணானதன்று. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. கடற்கரை காவலின்றிக் கிடப்பதை உணர்ந்த ஆங்கில அரசு, விமானத்தளங்களை விரைந்து அமைத்தது. சோழவரம், அரக்கோணம், தஞ்சாவூர், செட்டிநாடு, கயத்தாறு என நீளும் அவ்வரிசையில் அன்றைய தென்னார்க்காட்டின் பங்கு உளுந்தூர்பேட்டை. நம் கடலூரே அம்மாவட்டத்தின் தலைநகராக இருந்தது.

போர்க்கால விமானப் படச்சுருள்கள் பல இன்று கணினியிலேயே காணக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றில் 'தென்னிந்தியா' என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. ஓசையற்ற கறுப்பு வெள்ளைப் படம். வானத்திலிருந்து ஓடுபாதை தெரிகிறது. பிறகு தரையில், அதன் ஓரத்தில், கூடை சுமந்து செல்லும் ஆண்களும் பெண்களும்.

இடத்தைக் கண்டறிய முனைந்தோம். முதலில் விமானத்தின் எழுத்துகளைப் பார்த்தோம். அவை நேராக இருந்தால்தான் படம் இடம்வலம் மாறாமல் பதிவானதென நம்பலாம். பிறகு இறக்கையின் வட்டச் சின்னம். ஜப்பானியரின் செஞ்சூரியனோடு குழம்பாதிருக்க, 1942க்குப் பின் இப்பகுதியில் பறந்த ஆங்கில விமானங்கள் தம் சின்னத்தின் நடுவிலிருந்த சிவப்பை நீக்கிவிட்டன. படத்திலும் நடுப்பொட்டு இல்லை. ஆகவே காலம் பொருந்தியது. நம் உள்ளம் மகிழ்ந்தது.

ஆனால் காலம் பொருந்தினால் இடமும் பொருந்திவிடுமா? விமானம் மாறும், கூடாரம் மாறும். மலையும் ஏரிக்கரையும் அத்தனை எளிதில் மாறுவதில்லை. படத்தில் ஓடுபாதையின் முனையருகே மொட்டைப் பாறைக் குன்றுகள் எழுந்து நின்றன. உளுந்தூர்பேட்டையோ சமவெளி. செயற்கைக்கோள் படத்தோடு பலமுறை ஒப்பிட்டோம். குன்றுகள் இடம் கொடுக்கவில்லை.

உண்மையைச் சொல்லவா, மறைக்கவா? "ஆம், இதுதான்" என்ற ஒரு சொல் அம்முதியவரின் இறுதிநாள்களை இனிதாக்கியிருக்கும். யாரும் நம்மிடம் கணக்குக் கேட்கப் போவதில்லை. இரண்டு நாள்கள் அந்தச் சொல் நம் நாவின் நுனியில் இருந்தது. எனினும், பெயரின்றி உழைத்த மனிதருக்குப் பொய்யான முகத்தைச் சூட்டுவது அவரை இரண்டாம் முறை மறப்பதாகும் என்று தோன்றியது. அதோடு, படத்தில் உள்ளவருக்கும் எங்கோ ஒரு மகன் இருந்திருப்பான் அல்லவா?

சிதம்பரம் சென்று, படத்தைக் காட்டி, உள்ளதைச் சொன்னோம். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்ப அது வேற யாரோட அப்பாவோ. இன்னொரு தடவை போடுங்க, நல்லாப் பாத்துக்கிறேன்" என்றார்.

ஓடுபாதைகளைப் படமெடுத்தவர்கள் அவற்றை அளந்தார்கள், எண்ணிட்டார்கள். கூடை சுமந்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. இரண்டு காசுக்கு விற்கப்படும் சிட்டுக்குருவிகளில் ஒன்றையேனும் கடவுள் மறப்பதில்லை என்று ஆண்டவர் கற்பித்தார். அந்த மறவாமையில் நமக்கும் சிறு பங்கு உண்டு போலும்.

நவம்பர் 2இல் கல்லறைகளை மந்திரிக்கும்போது, பெயர் பொறிக்கப்படாத மேடுகளிலும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவது நம் ஊர் வழக்கம். இவ்வாண்டு இரண்டு ஏற்றுவோம். ஒன்று உளுந்தூர்பேட்டையில் கல் சுமந்தவருக்கு. மற்றொன்று, அந்தக் குன்றடியில் கூடை சுமந்தவருக்கு.