ஓடினால்தான் ஆறு

புல்நுனித் துளியையும் மலையுச்சி வெண்மையையும் பனி என்றே சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆதலின் பனியாறு எது, பனித்திட்டு எது என்னும் வினா வெறும் சொற்பூசலாகவே நமக்குத் தோன்றிற்று. கோடையிலும் கரையாது பல்லாண்டு கிடந்தால் மட்டும் போதாதாம். இறுகிப் பனிக்கட்டியாகித் தன் எடையாலேயே நகரவும் வேண்டும்.

ஜப்பானின் தாதேயாமா, சுருகி மலைகளில் பனித்திட்டுகளாகவே கருதப்பட்ட மூன்று, செயற்கைக்கோள் துணையுடன் அளந்தபின் 2012இல் பனியாறுகளாக ஏற்கப்பட்டன. அவற்றுள் சன்னோமாடோ ஒரு மாதத்தில் ஏறத்தாழ 30 செ.மீ. நகர்ந்திருந்தது. நத்தையும் நகைக்கும் வேகம்தான்!

ஐஸ்லாந்தின் ஓக்யோகுலோ மெலிந்து, நகரும் ஆற்றலற்று, 2014இல் பனியாறு என்னும் நிலையை இழந்தது. 2019இல் அங்கே நினைவுப் பலகை பதித்தனர். யோகுல் என்றால் பனியாறு; இப்போது மலையின் பெயரான ஓக் மட்டுமே எஞ்சியுள்ளது.