கேசரியைத் தொடாத மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரியைத் தொடாமல் எழுந்து வந்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பஜ்ஜியையும் தொடவில்லை. "பையனுக்குப் பொண்ணைப் பிடிக்கலியோ?" என்று புளியங்குடி வீட்டில் முகங்கள் வாடிவிட்டன. பெண்ணைப் பிடித்திருந்தது சார். பிரச்னை ரவை!

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "ராத்திரி சோறு எதுக்கு? சப்பாத்தி சாப்பிடு, உடம்புக்கு நல்லது" என்றார்கள் ஆபீஸில். சாப்பிட்டேன். வயிறு ஊதியது, பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு வருஷம் கேஸ் மாத்திரையாக விழுங்கினேன். கடைசியில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்து, குழாய் விட்டு, குடலில் துளி சதை எடுத்துப் பார்த்து, "சீலியாக்" என்றார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்கிற புரதம் உள்ளே போனால், என் உடம்பே என் குடலைத் தாக்குமாம். ஆயுசுக்கும் கோதுமை கூடாது. மைதா, ரவை, கோதுமை சேமியா எல்லாம் அதன் உடன்பிறப்புகள். பார்லியும் அதே கோஷ்டி. (உங்களுக்கும் சந்தேகமா? டெஸ்டுக்கு முன்னாலேயே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். ரிசல்ட் ஏமாற்றிவிடும்.)

வாசுதேவநல்லூர்க்காரனிடம் போய்ப் பரோட்டா தின்னாதே என்றால்? குற்றால சீஸனில் அருவிக் குளியல் பாதி, பார்டர் பரோட்டா மீதி. நண்பர்கள் பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்ற, நான் எதிரே உட்கார்ந்து வாழைப்பழம் உரித்தேன்.

அம்மா ஒருநாள் அழுதாள். மறுநாள், "கம்பும் சோளமும் தின்னுதானல உங்க ஆச்சி எண்பது வயசு இருந்தாக" என்று முறத்தை எடுத்துவிட்டாள். கேப்பை, கம்பு, சோளம், தினை, சாமை, உளுந்து எதிலும் குளூட்டன் கிடையாது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தபோது, 'இதை எங்க ஆச்சி அப்பவே சொன்னா' என்று காலரைத் தூக்கிக்கொண்டேன். ஒரே கஷ்டம், சோளமாவில் பிசுபிசுப்பு இல்லை. ரொட்டி தட்டினால் பூகோளப் படம் மாதிரி பிளக்கும். கொதிக்கிற வெந்நீர் விட்டுப் பிசைந்தால்தான் வழிக்கு வரும்.

இவ்வளவு செய்தும் இரண்டு மாசத்தில் மறுபடி வயிறு ஊதியது. வீட்டில் துப்பறியும் படலம். முதல் குற்றவாளி பெருங்காய டப்பா! பின்பக்கம் பொடி எழுத்தில் 'கோதுமை மாவு'. கூட்டுப் பெருங்காயத்தில் அதுதான் கலப்பு. அடுத்த குற்றவாளி மாவு மில். கோதுமை அரைத்த அதே மிஷினில் எங்கள் கம்பு. "மிஷினைக் கழுவியா அரைக்க முடியும் மதினி?" என்றார் மில் அண்ணாச்சி. நியாயம்தான். அன்று முதல் அதிகாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு மிக்ஸி தெருவையே எழுப்புகிறது. கடையில் 'குளூட்டன் ஃப்ரீ' பாக்கெட் இருக்கிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது சட்டம். விலைக்குத்தான் சட்டம் எதுவும் இல்லை போலிருக்கிறது.

புளியங்குடிக்குப் போகும் வழியெல்லாம் மாமா சொன்னார்: "மாப்ளே, நோயி கீயின்னு வாயைத் திறந்திராத. பொண்ணு தர மாட்டாவ." அதனால்தான் அந்த மௌனம். ராத்திரி தூக்கம் வரவில்லை. கல்யாணமான மறுநாளே உப்புமா வருமே! காலையில் நானே பெண்ணின் அப்பாவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "யோசிச்சுச் சொல்லுதோம் தம்பி" என்று வைத்துவிட்டார்.

நான்கு நாள் சத்தமே இல்லை. ஐந்தாம் நாள் தரகர் வந்தார்.

"அந்தப் பிள்ளை ஒண்ணே ஒண்ணுதான் கேக்கச் சொல்லிச்சு. ரசத்துல பெருங்காயத்துக்குப் பதிலா பூண்டு தட்டிப் போட்டா தம்பிக்கு ஆகுமான்னு."