ஊதியமும் ஊரும்

பொருள் தேடிப் பிரிதல் தமிழர்க்குப் புதியதன்று. பிரிவைப் பாலைத் திணைக்கு உரிப்பொருளாக்கி, அப்பிரிவுக்குரிய காரணங்களுள் பொருளையும் ஒன்றாக வைத்தது நம் இலக்கண மரபு. சங்கத் தலைவன் பொருளீட்டப் புறப்பட எண்ணுகிறான், தோழி தடுக்கிறாள், சில பாடல்களில் அவன் போகிறான், சிலவற்றில் நின்றுவிடுகிறான். அவ்வாறு போகாது நிற்றலுக்குச் ‘செலவழுங்கல்’ என்று பெயரே இட்டுவைத்தனர் நம் முன்னோர். ஆகவே, கூடுதல் ஊதியத்திற்காக ஊரை விட்டுப் போகலாமா என்னும் வினா இன்றைய பொறியாளர் இல்லங்களில் புதிதாகப் பிறந்ததன்று.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை 301 அடிகளைக் கொண்டது. அதன் தலைவன் தன் நெஞ்சிடம் கூறுவது ஒன்றே. இந்தப் பட்டினமே கிடைப்பதாயினும் தலைவியைப் பிரிந்து வரமாட்டேன் என்பதே அது. இதனைச் சொல்லச் சில அடிகளே போதும். ஏனைய அடிகள் எல்லாம் காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தையும் கரிகாலனின் பெருமையையும் விரித்துரைக்கின்றன. வேண்டாம் என்று ஒதுக்கப்போகும் செல்வத்தைப் புலவர் ஏன் இத்துணை விரிவாகப் பாடவேண்டும்? வகுப்பறையில் நான் கூறிவந்த விடை இது: ஒரு தட்டில் உள்ளதைக் குறைத்துக் காட்டிவிட்டு மறு தட்டே கனமானது என்று சொல்லுதல் நேர்மையான நிறுவை அன்று. பட்டினத்தின் பண்டங்களையெல்லாம் எண்ணிக் காட்டிய பின்னர் மறுப்பதால்தான் தலைவனின் மறுப்புக்கு மதிப்பு உண்டாகிறது.

அந்தத் தராசு சென்ற ஆண்டு எங்கள் இல்லத்திற்கு வந்தது.

என் மகன் பொறியியல் பட்டதாரி. கோவையில் பம்புசெட் உற்பத்தி செய்யும் ஆலை ஒன்றில் பதினோராண்டுகள் பணியாற்றிவந்தான். பிடித்தம் போக மாதம் 46,000 ரூபாய் கைக்கு வந்தது. மின்வாகனங்களுக்கு மோட்டார் வடிவமைக்கும் பெங்களூர் நிறுவனம் ஒன்று 88,000 ரூபாய் தருவதாகக் கடிதம் அனுப்பியது. ஏறத்தாழ இரு மடங்கு! செய்தியறிந்த உறவினர் பலரும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றே வினவினர்.

யோசிக்க இருந்தது. ஒரு தாளை எடுத்து இருவருமாக எழுதினோம். கூடுதல் வருவாய் 42,000 ரூபாய். குனியமுத்தூரில் நாங்கள் வாழ்வது சொந்த வீடு. அங்கே வாடகை 24,000. பேத்தியின் பள்ளிக்கும் வண்டிக்கும் இங்குள்ளதைவிட 5,000 கூடுதல். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு இரயிலில் வந்துபோக 4,000. ஆக 33,000 போய், மிகுவது 9,000. மருமகள் இங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை. அவருடைய ஊதியம் 14,000. இரண்டு வயதுப் பேரனை என் மனைவி பார்த்துக்கொள்வதால்தான் அவர் வேலைக்குச் செல்ல முடிகிறது. பெங்களூரில் பார்த்துக்கொள்ள யாருமில்லை. அந்த 14,000 ரூபாயையும் கழித்தபோது, இரு மடங்கு ஊதியம் மாதம் 5,000 ரூபாய் இழப்பாக மாறி நின்றது. பாட்டி குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கு இங்கு எவரும் விலை குறிப்பதில்லை. ஊரை விட்டுப் போகும்போதுதான் அதன் விலை தெரிகிறது.

ரூபாயில் எழுத இயலாதவையும் இருந்தன. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டம் கன்னடத்தை அவ்வாறே ஆக்கியது. அவரவர் மொழியை அவரவர் காப்பது முறையே. ஆனால் ஏழு வயதுப் பேத்திக்கு இதுவரை பள்ளி கற்பித்துவந்த தமிழ், இனி வீட்டின் பொறுப்பாகிவிடும். தமிழாசிரியனின் பேத்தி தமிழ் படிக்கத் தெரியாதவளாக வளர்வாளோ என்னும் அச்சம் எனக்கு உறக்கத்தைக் கெடுத்தது.

மற்றொன்று, மேற்படிப்பு. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு உள்ளது. இராவுத்தர்களாகிய நாங்களும் அப்பட்டியலில் அடங்குவோம். இங்கே பெற்ற சான்றிதழைக் கொண்டு வேறு மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர இயலாது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் குறித்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1990ஆம் ஆண்டிலேயே இந்த நெறியைத் தெளிவுபடுத்திவிட்டது. மாநில எல்லையைக் கடப்போர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

இனி, என் தாயார். அவருக்கு வயது 84. அவரிடம் செய்தியைச் சொல்லத் தயங்கி நின்றோம். அவரோ, “போயிட்டு வரட்டும். எங்கத்தா மாசத்துல பாதி நாளு கொள்ளேகாலம், பாலக்காடுன்னு ஏவாரத்துக்குப் போனவருதான். ஊடு அப்படியேதான இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டார்.

அவர் சொல்லில் ஒரு வரலாறும் இருந்தது. இன்று கர்நாடகத்தில் உள்ள கொள்ளேகாலம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு வட்டமாக விளங்கியது. இன்று கேரளத்தில் உள்ள பாலக்காடு அதே ஆண்டு வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. என் தாயாரைவிட வயதில் இளையது நாம் ‘வேறு மாநிலம்’ என்று அஞ்சும் அந்த எல்லைக்கோடு. பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் அமைந்த கொங்கு நாட்டினர்க்கு வழிச்செலவு இயல்பு. கொடுமணலின் அகழாய்வும், வெள்ளலூரில் கிடைத்த உரோமானிய நாணயங்களும் இதற்குச் சான்றாகும்.

போவது மட்டுமா? வருவோரையும் கண்டது இம்மண். திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களிலும் கோவையின் பவுண்டரிகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத்து இளைஞர்கள் உழைக்கின்றனர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் எங்கள் பள்ளிவாசலின் பின் வரிசைகளில் அவர்களுள் சிலர் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். எனக்கும் என் மகனுக்கும் வாய்த்த இந்தத் தாளும் பேனாவும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஊரில் வேலையின்மையே அவர்களுக்கு விடையைக் கூறி அனுப்பிவிட்டது. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் ஊர் திரும்ப வழியின்றி அத்தகையோர் நாடெங்கும் நெடுஞ்சாலைகளில் நடந்த துயரை நாம் மறத்தலாகாது. தேவைக்காகப் போகிறவரும், மிகுதிக்காகப் போகிறவரும் ஒரே இரயிலில் செல்லலாம். இருவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றன்று.

நம் மார்க்கமும் ஒரு பயணத்தைக் கொண்டே ஆண்டைக் கணக்கிடுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு மதீனாவுக்கு ஏகிய 622ஆம் ஆண்டே ஹிஜ்ரி ஆண்டின் தொடக்கம். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மூன்றாம் காண்டம் அப்பயணத்தின் பெயராலேயே ஹிஜ்றத்துக் காண்டம் எனப்படுகிறது. புகாரி தொகுப்பின் முதல் நபிமொழி, செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தே அமையும் என்பது. அதற்கு எடுத்துக்காட்டாக அங்கே கூறப்படுவதும் ஊர் பெயர்தலே ஆகும். உலகப் பொருளை நாடிப் பெயர்ந்தவனின் பயணம், அவன் நாடியதற்கான பயணமாகவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. பொருளீட்டுதலை அந்த நபிமொழி பழிக்கவில்லை. புறப்படும் முன் உன் நிய்யத்தைப் பார்த்துக்கொள் என்று எச்சரிக்கிறது.

மதீனாவில் நிகழ்ந்த ஒன்றை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கைப்பொருளின்றி வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். வந்தவரோ அவரை வாழ்த்திவிட்டு, கடைத்தெரு எங்கே என்று மட்டும் கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வணிகத்தைத் தொடங்கினார். வீடும் சொத்தும் மக்காவில் நின்றுவிட்டன. தொழில்திறன் மட்டும் உடன் வந்தது.

இதனை மகனிடம் கூறியபோது அவன் சொன்னான்: “அத்தா, பம்பு மோட்டார்ல கத்துக்க வேண்டியதை இங்க கத்துக்கிட்டேன். அங்க புதுசா ஒரு தொழில் இருக்கு. மாசம் ஐயாயிரம் குறைஞ்சாலும் அதைக் கத்துக்கணும்னு தோணுது.” அப்போதுதான் தராசின் முள் அசைந்தது. ஊதியம் அப்பயணத்திற்கு நியாயம் கற்பிக்கவில்லை, தொழில் கற்பித்தது. 88,000 என்னும் எண்ணுக்காக மட்டும் போயிருந்தால், அதைவிடப் பெரிய எண் ஒன்று வேறோர் ஊரிலிருந்து அழைக்கும்போது அங்கும் போகவேண்டியதுதான். அதற்கு முடிவே இராது.

எனினும் முடிவைச் சொன்னவர் மருமகளே. பட்டினப்பாலைத் தலைவன் தன் நெஞ்சிடம் மட்டுமே பேசுகிறான். தலைவியின் வாய்ச்சொல் அப்பாட்டில் இல்லை. இந்தக் கணக்கில் வேலையை இழப்பவர் மருமகள் ஆதலின், அவர் சொல்லே இங்கு முதன்மையானது. அவர் கூறினார்: “மாமா, அவருக்குத் தொழில் கிடைக்குது, எனக்கு வேலை போகுது. ஒரு வருஷம் பார்ப்போம். அதுக்குள்ள எனக்கும் அங்க ஒரு பள்ளிக்கூடத்துல வேலை அமையணும். அமையலைன்னா திரும்பிடணும்.” மகன் அதற்கு இசைந்தான். நாங்கள் எழுதிய தாளின் அடியில் திரும்பும் நாளையும் குறித்துவைத்தோம்.

கோடை விடுமுறையில் அவர்கள் புறப்பட்டனர். 2023 டிசம்பர் 30 முதல் ஓடும் வந்தே பாரத் இரயிலில் ஏறத்தாழ 380 கி.மீ. தொலைவை ஏழு மணி நேரத்திற்குள் கடந்துவிடலாம். ஆனால் மாலையில் பேரன் ஓடிவரும் நடைபாதை வெறுமையாய்க் கிடப்பதற்கு எந்த இரயிலும் மருந்தாகாது. பேத்தி வாரந்தோறும் தன் பெரிய பாட்டிக்குத் தமிழில் கடிதம் எழுதவேண்டும் என்பது ஏற்பாடு. றகரமும் ரகரமும் இடம் மாறி வருகின்றன. கன்னட எழுத்துகள் சிலவும் பெருமையோடு ஓரத்தில் வரையப்பட்டு வருகின்றன. இரண்டையும் சிவப்பு மையால் திருத்தாமல் மகிழ்ந்து படிக்கிறேன். மருமகளுக்கு வேலை இன்னும் அமையவில்லை. குறித்த ஓராண்டும் இன்னும் முடியவில்லை.

நாளை இவ்வினாவைச் சந்திக்கப்போகும் மாணவச் செல்வங்களே! அழைப்புக் கடிதம் வரும்போது பெரிய எண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டா, ஊர்ப்பற்றால் அதனை இகழவும் வேண்டா. இரு தட்டுகளையும் முழுமையாக நிரப்புங்கள். ஊரில் விலையின்றிக் கிடைப்பவற்றுக்கும் விலை எழுதுங்கள். கூடும் ஊதியம் ஒருவர் கைக்கு வர, அதற்கான இழப்பு யார் தலையில் விழுகிறது என்று பார்த்து, அவரை முதலில் கேளுங்கள். நிய்யத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் நாளைக் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். போவதானாலும் நிற்பதானாலும், நிறுத்துப் பார்த்து எடுத்த முடிவு பின்னர் மனத்தை அரிக்காது.

வல்ல அல்லாஹ் உங்கள் உழைப்பிலும் உங்கள் இல்லங்களிலும் பரக்கத்தை நல்குவானாக! ஆமீன்.