ராஜபார்ட் வர்றார்... கேமரா ரெடியா?

ஐரோப்பா டூர் போயிட்டு வந்தவங்க ஆல்பத்தைப் பார்த்திருக்கீங்களா? எல்லாத்துலயும் ஒரு போட்டோ கட்டாயம் இருக்கும். கல் பாவின பழைய தெரு, பின்னாடி கோட்டைச் சுவர், நடுவுல ஈட்டியும் இரும்புத் தொப்பியுமா ஒரு போர்வீரர். ஜெர்மனியில ரோத்தன்பர்க்னு ஒரு குட்டி ஊர். 1631-ல் அங்கே நடந்த முற்றுகைக் கதையை 1881-லேர்ந்து நாடகமா போடுறாங்க. விழா சமயத்துல ஊர்க்காரங்களே அந்தக் காலத்து உடுப்பை மாட்டிக்கிட்டுத் தெருவுல இறங்கிடுவாங்க. கேமராக்காரங்களுக்கு அன்னிக்கு தீபாவளிதான்!

'நம்மகிட்ட பாஸ்போர்ட்டே இல்லையே பாஸ்'னு பெருமூச்சு விடாதீங்க. பேராவூரணிக்கு பஸ் ஏறுங்க. ராஜா, ராணி, முனிவர், வேடன்னு அத்தனை பேரையும் இங்கே பார்க்கலாம். ஒரே கண்டிஷன், ராத்திரி பத்து மணிக்கு மேலதான் வருவாங்க.

பேராவூரணி தஞ்சாவூர் மாவட்டத்தோட தென்கோடி. கல்லணைக் கால்வாய்த் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடை. தஞ்சாவூர்னதும் பச்சைப் பசேல்னு வயலை எதிர்பார்த்து வந்தீங்கன்னா, நெல்லோட சேர்த்து தென்னந்தோப்பும் நிறைய கண்ணுல படும். 2018 நவம்பர்ல கஜா புயல் புரட்டிப் போட்டது இந்தத் தோப்புகளைத்தான். கொஞ்ச தூரம் போனா புதுக்கோட்டை மாவட்டம். நம்ம கதைக்கு அந்த எல்லை ரொம்ப முக்கியம். ஏன்னா 'ஸ்பெஷல் நாடக'க் கலைஞர்கள் நிறைஞ்ச ஊர்கள்ல புதுக்கோட்டையும் ஒண்ணு. சித்திரையில நீலகண்டப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு பேராவூரணியே திரளும். பங்குனியிலேர்ந்து வைகாசி வரைக்கும் சுத்துப்பட்டு கிராமங்கள்ல ஏதாவது ஒரு கோயில்ல காப்புக் கட்டியிருப்பாங்க. டீக்கடைச் சுவரைப் பார்த்தாலே போதும்... 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'அரிச்சந்திரா மயான காண்டம்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்'னு நோட்டீஸ் ஒட்டியிருக்கும்.

அது என்ன ஸ்பெஷல்? இங்கேதான் எனக்குத் தலை சுத்திச்சு. இதுல கம்பெனி கிடையாது, டைரக்டர் கிடையாது, ரிகர்சலும் கிடையாது. முருகனா நடிக்கிற ராஜபார்ட் ஒரு ஊர், வள்ளியா வர்ற ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், நாரதர் வேறெங்கேயோ. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா தேதி வாங்கி, தனித்தனியா சம்பளம் பேசியிருப்பாங்க. பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட்னு எல்லாருக்கும் இப்படித்தான். சில ராத்திரி முருகனும் வள்ளியும் மேடையிலதான் முதல் தடவையா முகம் பார்த்துக்குவாங்க. ஆனாலும் விடிய விடிய நாடகம் நடக்கும். எப்படின்னா, கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். பெரும்பாலும் அது சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) போட்டுக் கொடுத்த பாதை. 1918-ல் மதுரையில பையன்களை வச்சு ஒரு நாடக சபையே நடத்தினவர் அவர். அந்தக் காலத்துல பெண் வேஷத்தையும் அந்தப் பையன்களே கட்டினாங்க. இன்னிக்கு வள்ளியா வர்றது பெண்கள்.

நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல பத்து நிமிஷ ஸ்கிட்டுக்கு மூணு வாரம் ரிகர்சல் பார்த்துட்டு, ஸ்டேஜ்ல டயலாக் மறந்து நிக்கிறோமே... சரி, அதை விடுங்க.

இப்ப கேமரா மேட்டர். ரோத்தன்பர்க்ல பகல் வெளிச்சம் இருக்கும். இங்கே இருக்கிறது டியூப்லைட்டும் கலர் விளக்கும்தான். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால பழைய டியூப்லைட் வினாடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/250-னு வேகமா வச்சீங்கன்னா ஒரு படம் வெளிச்சமா, அடுத்த படம் அழுக்கு மஞ்சளா வந்து கடுப்பேத்தும். 1/100 இல்லேன்னா 1/50-க்கு இறங்குங்க. ஐ.எஸ்.ஓ. 1600-லேர்ந்து 3200 வரைக்கும் தயங்காம ஏத்தலாம். படத்துல கொஞ்சம் புள்ளி தெரியட்டும், குடியா முழுகிடும்? ஐம்பது எம்.எம். லென்ஸை யார்கிட்டயாவது கடன் வாங்கிட்டுப் போங்க. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நடிகரோட கண்ணு கூசும், அதோட வெல்வெட் சட்டையில இருக்கிற ஜிகினா மொத்தமும் வெள்ளையா வெடிச்சுடும். கல் வச்ச கிரீடமும் பவுடர் போட்ட முகமும் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். அதனால எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைச்சு வைங்க. மொபைல்ல எடுக்கிறவங்க ப்ரோ மோடுக்குப் போய் இதையே செய்யலாம்.

எங்கே உட்காரணும்? நேர் எதிர்ல வேண்டாம். பாடுறவங்க எல்லாரும் மைக்குக்குத்தான் வருவாங்க, மைக் வாயை மறைச்சுடும். பக்கவாட்டுல, சாக்கு விரிச்சு உட்கார்ந்திருக்கிற ஆயாக்கள் பக்கத்துல இடம் பிடிங்க. 'தம்பி, தலைய மறைக்குது'ன்னு அதட்டல் வரும். குனிஞ்சுக்கங்க. கதையில அடுத்து யார் வருவாங்கன்னும் அவங்களே சொல்லிடுவாங்க. பபூனும் டான்ஸும் முதல்ல வந்துட்டுப் போனப்புறம் கூட்டத்துல பாதி எழுந்து போயிடும். நீங்க போயிடாதீங்க. நடுராத்திரிக்கு மேல நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணுவாங்க பாருங்க, கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு. எழுதி வச்ச பேச்சு இல்லை. ஒருத்தர் மடக்க, இன்னொருத்தர் அரை வினாடி யோசிப்பார். அந்த அரை வினாடி முகம் இருக்கே... எனக்கு ராத்திரி முழுக்க எடுத்ததுல உருப்படியா கிடைச்ச மூணு படமும் அதுதான்.

மேடைக்குப் பின்னாடி போகலாமா? விழாக் கமிட்டிக்காரங்ககிட்ட கேட்டுட்டுப் போங்க. அங்கே போனா கீத்து மறைப்பு, ஒரு குண்டு பல்பு, தகரப் பெட்டி மேல சாய்ச்சு வச்ச கண்ணாடி. வேஷப் பூச்சுக்கு அரிதாரம்னு பேர். நிஜ அரிதாரம்ங்கிறது மஞ்சள் நிறக் கனிமம், ஆர்சனிக் கலந்தது. இப்ப பெட்டியில இருக்கிறது கடையில வாங்கின பவுடரும் கிரீமும்தான், பேர் மட்டும் ஒட்டிக்கிட்டே இருக்கு. ராஜபார்ட் அண்ணன் புருவம் தீட்டிக்கிட்டே, "எடு எடு, நெத்தியில விபூதி நேரா இருக்கான்னு பாத்துச் சொல்லு"ன்னார். பெண்கள் இருக்கிற பக்கம் நான் போகல. வள்ளியா வந்த அக்கா வேஷம் கட்டி முடிச்சு வெளியில வந்தப்புறம்தான் பேசினேன்.

"எந்தப் புஸ்தகத்துல போடுவே?"

சொன்னேன்.

"மேடையில எத்தனை வேணும்னாலும் எடுத்துக்க தம்பி. விடிஞ்சு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறப்ப எடுத்துறாத. எம்புள்ள கூடப் படிக்கிறவங்க வீட்டு ஆளு யாராச்சும் அங்க நிப்பாங்க."

இதுல என்ன இருக்குன்னு தோணுதா? நாடகத்துல நடிக்கிற பொண்ணுங்களை ஊர் பேசுற பேச்சு அப்படி. ராத்திரி முழுக்க மைக்ல பாடினவங்க, காலையில முகத்தைக் கழுவி, சாதாரணச் சேலையில, யார் கண்ணுலயும் படாம பஸ் ஏறணும்னு பார்க்கிறாங்க. வேஷம் அவங்களுக்கு ஒரு மறைப்பும்கூட. அதை எப்ப கழட்டணும்னு அவங்கதான் முடிவு பண்ணணும், நம்ம ஜூம் லென்ஸ் இல்லை.

மேடைப் படத்துலயும் வில்லங்கம் இருக்கு. பபூனும் டான்ஸும் பேசுற இடத்துல இரட்டை அர்த்தம் தூள் பறக்கும், கூட்டமும் அதைக் கேட்டுத்தான் விசில் அடிக்கும். விடிய விடிய நடக்கிற நாடகத்துல அந்த நாப்பது செகண்டை மட்டும் வெட்டி, ஒரு கேவலமான தலைப்பு வச்சு நெட்ல ஏத்துறாங்க. அன்னிக்கு டான்ஸுக்கு வந்திருந்த அக்காவோட கிளிப் ஒண்ணு இப்படிச் சுத்திச் சுத்தி, அவங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புக்கே வந்துடுச்சாம். "அதுக்கப்புறம் ரெண்டு கல்யாணத்துக்கு என்னையக் கூப்பிடல"ன்னாங்க. சொல்லிட்டு, சலங்கையை இறுக்கிக் கட்டிக்கிட்டு மேடைக்குப் போயிட்டாங்க. சிரிக்க வைக்கிறது அவங்க தொழில். நாம தர்க்கத்தை விட்டுட்டு அந்த நாப்பது செகண்டைத் தேடி ரெக்கார்டு பண்றது என்ன கணக்கு?

ரோம்ல கொலோசியம் பக்கம் பழங்கால வீரர் வேஷத்துல நிக்கிறவங்க போட்டோவுக்குக் காசு கேட்பாங்க. தொல்லை தாங்கலைன்னு 2015-ல் நகர நிர்வாகம் தடையே போட்டுச்சு. இங்கே யாரும் என்கிட்ட ஒத்தை ரூபா கேட்கல. கேட்டது நல்ல போட்டோ!

எதுக்குன்னா, நோட்டீஸுக்கு. டீக்கடைச் சுவர் நோட்டீஸை இன்னொரு தடவை கிட்டக்கப் போய்ப் பாருங்க. ஒவ்வொரு பேருக்கு மேலயும் ஒரு முகம் இருக்கும். ஆளுக்கு ஆள் தேதி வாங்குற தொழில்ல அந்தச் சின்ன போட்டோதான் அவங்களோட பயோடேட்டா. அடுத்த ஊர்க் கமிட்டி அதைப் பார்த்துத்தான் கூப்பிடும். கஜா புயல் சமயத்துல வரி கொடுக்க வேண்டிய வீடுகளே கூரை இல்லாம நின்னுச்சு. 2020-லயும் 2021-லயும் கொரோனா சரியா சீசன் நேரத்துல வந்து நாடகத்தையே நிறுத்திடுச்சு. இப்ப ஒவ்வொரு தேதியும் அவங்களுக்குப் பெருசு. பல பேர் நோட்டீஸ்ல இருக்கிறது பத்து வருஷத்துக்கு முந்தின படம்.

நான் எடுத்ததை லேப்டாப்ல காட்டினப்போ ஒரு வேடிக்கை. எனக்குப் பிடிச்சது கிரீடமும் வேலுமா, பின்னாடி காட்டு சீன் தெரியிற படம். அண்ணன் அதைத் தள்ளிட்டு, வேஷம் கட்டுறதுக்கு முன்னாடி வெள்ளைச் சட்டையில சும்மா உட்கார்ந்திருந்த படத்தை எடுத்துக்கிட்டார். வள்ளி அக்கா எடுத்தது பட்டுச் சேலையில கையைக் கோத்து நிக்கிற படம்.

நீங்க போனா ஒண்ணு செய்யுங்க. எடுத்ததுல ரெண்டை பிரின்ட் போட்டுக் கையில கொடுங்க. வாட்ஸ்அப்ல அனுப்புறதா இருந்தா போட்டோவா அனுப்பாதீங்க, அது சுருக்கிடும், அச்சுல முகம் கலங்கிடும். டாக்குமென்ட்டா அனுப்புங்க. வைகாசி நோட்டீஸ் அச்சுக்குப் போற நேரமாம், அண்ணன் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்.