பழையது புதியதற்கு உயிர் கொடுத்த கதை

'பதறாத காரியம் சிதறாது' என்பது முதுமொழி. அதன் பொருளை இவ்வாண்டுதான் நாங்கள் பட்டறிந்தோம்.

எங்கள் கணினி அறைக்குப் புதுக் கணினி ஒன்று வந்தது. ஆவலோடு பொத்தானை அழுத்தினோம். கரிய திரையில் வெள்ளை வரி ஒன்றே தெரிந்தது! "இயங்குதளம் இல்லாத கணினி உயிரில்லா உடல். பழைய கணினியைக் கொண்டே இதற்கு உயிர் கொடுங்கள், பார்ப்போம்!" என்று எங்கள் நால்வரிடம் சிஸ்டர் அப்பணியை ஒப்படைத்தார். எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை.

நாங்கள் தேர்ந்தது டெபியன். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸைக் கருவாகக் கொண்டது, 1993-இல் தொடங்கப்பெற்றது, இலவசமாய்க் கிடைப்பது. பழைய கணினியில் அதை இறக்கினோம். கோப்பு பழுதின்றி வந்ததா என்றறிய, எண்ணும் எழுத்துமாய் 64 குறிகள் கொண்ட சரிபார்ப்புக் கோவை ஒன்று உண்டு. ஒருத்தி படிக்க மற்றொருத்தி ஒப்பிட்டாள். முதற் குறியே பொருந்தவில்லை! மீண்டும் இறக்கினோம். இம்முறை 64-ம் பொருந்தின.

அடுத்து அதைப் பென்டிரைவில் ஏற்றவேண்டும். வெறுமனே நகலெடுத்தால் போதாது. கணினி அதிலிருந்தே துவங்கும்படி எழுதுவதற்குத் தனி மென்பொருள் உண்டு. எழுதுமுன் அது பழையவற்றை எல்லாம் துடைத்துவிடும். அன்று கணினியில் இரண்டு பென்டிரைவ்கள் செருகியிருந்தன. 'இதிலுள்ள யாவும் அழியும், தொடரலாமா?' என்று திரை கேட்டது. எதில் என்று பாராமலே 'ஆம்' என்றோம்.

அழிந்தது எது தெரியுமா? ஓய்வுபெற்ற எங்கள் தமிழம்மா பிரிவுபசார விழாவில் ஆற்றிய உரை! வேறு படியும் இல்லை.

புதுக் கணினி துவங்கியது. மொழிப் பட்டியலில் 'தமிழ்' இருக்கக் கண்டும் ஒருத்தியும் கைதட்டவில்லை.

சிஸ்டரிடம் சென்று சொன்னோம். "யார் அழுத்தியது?" என்றார்.

"நாங்கள், சிஸ்டர்" என்றோம் ஒரே குரலில்.

அவர் கடிந்துகொள்ளவில்லை. "தமிழம்மாவிடமும் இப்படியே சொல்லிவிட்டு வாருங்கள்" என்றார். அதுவே பெரிய தண்டனையாய் இருந்தது.

சனிக்கிழமை அவர் வீட்டுப் படியேறினோம். கேட்டுச் சற்று நேரம் மௌனமாயிருந்தார். "அன்று பேசியது இன்று வராதடி, பிள்ளைகளா" என்றார். பிறகு காப்பி கொடுத்து, எங்கள் நால்வருக்காக மட்டும் ஐந்து நிமிடம் பேசினார். பதிவு செய்தோம். பழைய கணினியில் ஒன்று, புதியதில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என அது இன்று மூன்று இடங்களில் உள்ளது. ஆனால் அந்த முதல் உரை போனது போனதுதான்.

தோழியரே, 'ஆம்' என்று அழுத்துமுன் ஒரு கணம் நின்று படியுங்கள்!

– பத்தாம் வகுப்பு மாணவியர் நால்வர்